ஹாப்ஸைத் துணியில் கட்டிய சனிக்கிழமைகள்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவனுக்குத் தலைவலி குடித்த பிறகு வருவதில்லை, காய்ச்சும்போதே வந்துவிடும். அந்தத் தலைவலிக்குப் பெயர் ஹாப்ஸ்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கிற பச்சைப் பூ. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் அதுதான் கொடுக்கிறது. பூவைக் காயவைத்து, பொடித்து, அழுத்தி, சின்னச் சின்னக் குச்சிகளாக விற்கிறார்கள். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் மாட்டுக்கு வைக்கிற தீவனக் குச்சியேதான், சந்தேகமே வேண்டாம். முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கிய இனிப்புச் சாறு அண்டாவில் கொதிக்கும்போது அதைப் போட வேண்டும். போட்ட மறு நிமிடம் குச்சி கரைந்து பச்சைச் சேறாகிவிடும். கொதித்து முடித்து அண்டாவின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் ரெண்டு சொட்டு வரும், அப்புறம் ஒன்றும் வராது. சேறு போய் அடைத்துக்கொண்டிருக்கும்.

என் முதல் பீர் அப்படித்தான் அடைத்தது. அமெரிக்காவின் தெற்கே, எங்கள் ஃபிரிஸ்கோவில் ஆகஸ்ட் மாதம், கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே நின்றால் நாமே வெந்துபோவோம். இருபது லிட்டர் கொதிக்கும் சாற்றை டீ வடிகட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றி வடித்தேன். அந்தச் சனியனை எவன் கண்டுபிடித்தான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் நாயோடு போனவர், நான் யாரோடோ சண்டை போடுகிறேன் என்று நினைத்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். என் மனைவி பிரியாணி செய்யும்போது பட்டை, கிராம்பு, ஏலக்காயை ஒரு துணியில் முடிந்து அரிசியோடு போடுவாள். மசாலா வாயில் சிக்காது, மணம் மட்டும் இறங்கும். அட, இதுதானே வேண்டும் என்று இட்லித் துணி ஒன்றை எடுத்தேன். ஹாப்ஸைக் கொட்டி, இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டு அண்டாவில் இறக்கினேன். குழாய் அடைக்கவில்லை. சாறு கண்ணாடி மாதிரி இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவி துணியைப் பார்த்ததும், “ஏங்க, நாளைக்கு இதுலதான் நான் இட்லி ஊத்தணுமா?” என்றாள். பச்சைக் கறை போகவே இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி, மூட்டையை அவிழ்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஹாப்ஸ் தண்ணீர் பட்டதும் மூன்று நான்கு மடங்கு உப்புகிறது. இறுக்கிக் கட்டியதால் வெளிப்பக்கம் மட்டும் உப்பி, தண்ணீர் நடுவில் போகவே வழியில்லாமல் போய்விட்டது. உள்ளே கொஞ்சம் பொடி போட்டது போட்டபடி காய்ந்தே இருந்தது. பிரியாணி மசாலா உப்பாது, அதனால் அதை எப்படிக் கட்டினாலும் சரி. இது அந்த ஜாதி இல்லை.

அந்தப் பீரை நான் முதலில் கொடுத்தது என் நண்பனுக்கு. அவனும் நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். அவனுக்குக் கோபிச்செட்டிபாளையம். நான் பேசின ரெண்டாவது வார்த்தையிலேயே, “நீங்க நம்ம பக்கமுங்களா?” என்று கேட்டு ஒட்டிக்கொண்டவன். பிறகு அவன் மெக்கானிக்கல் படிப்புக்கேற்ற ஒரு கம்பெனிக்கு மாறிப் போனான். எங்கள் வீடுகளுக்கு நடுவே இரண்டு சிக்னல்தான். அவன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிட, அந்த முறையில் அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். எங்களுக்கு இங்கே வேறு சொந்தம் கிடையாது.

ஒரு வாய் குடித்துவிட்டு அவன், “மச்சா, இது பீர் இல்ல, பானகம். ராமநவமிக்குக் கோயில்ல குடு, சொர்க்கத்துக்குப் போவ” என்றான்.

அடுத்த வாரமே அவன் ஒரு சாமானோடு வந்தான். மெல்லிய எவர்சில்வர் வலையை உருளையாகச் சுருட்டி, மேலே மூன்று கை வைத்து, அண்டாவின் விளிம்பில் தொங்குகிற மாதிரி செய்திருந்தான். ஹாப்ஸை அதற்குள் கொட்டினால் அது உப்புவதற்கு இடமும் உண்டு, வெளியே ஓடுவதற்கு வழியும் கிடையாது. மூன்று கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அதைச் சிலந்தி என்று கூப்பிட ஆரம்பித்தோம். அன்றிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் என் கராஜில் இருப்பான். அவன் நேரம் பார்த்து ஹாப்ஸ் போடுவான், நான் அண்டாவைக் கிளறுவேன். இப்படி ஏழு வருஷம்.

இங்கே நம் ஆட்கள் வீட்டு விருந்துக்கு ஒரு முறை உண்டு. பிறந்தநாளோ கொலுவோ புது வீட்டுப் பால் காய்ச்சுவதோ, எதுவானாலும் பெண்கள் அடுக்களையில், பிள்ளைகள் மாடியில், குடிக்கிற ஆண்கள் கராஜில். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் பாட்டில் வரக் கூடாது, ஆனால் அதே கூரைக்குக் கீழே கார் நிற்கிற இடத்தில் வரலாம். துணி துவைக்கிற அறைக்கும் கராஜுக்கும் நடுவே இருக்கிற கதவுதான் எல்லை. நானும் அதில் தப்பு ஒன்றும் பார்த்ததில்லை. எங்கள் கராஜ் அதில் ரொம்பப் பேர்பெற்றது, ஏனென்றால் மற்ற வீட்டில் கடைச் சரக்கு, என் வீட்டில் சொந்தச் சரக்கு.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் பீரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. அதில் முக்கியமான பேச்சு ஒன்று உண்டு. வீட்டில் செய்தது உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கடை எண்ணெய் கெடுதல், செக்கு எண்ணெய் நல்லது. கடை மிளகாய்த்தூள் கெடுதல், வீட்டில் அரைத்தது நல்லது. நம் ஜனங்களுக்கு இது வேதவாக்கு. இந்த வேதத்தை நான் பீருக்கும் நீட்டினேன். பார்லி, தண்ணீர், ஹாப்ஸ், புளிக்கவைக்க ஈஸ்ட், இவ்வளவுதான், இதில் எங்கே கெடுதல் என்பேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களும் தலையாட்டினார்கள்.

ஒரு நாள் நண்பனின் மனைவி அடுக்களையிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் வந்து நின்று என்னைக் கேட்டாள். “ஏனுங்கண்ணா, இவரு இங்கிருந்து வர்றப்பல்லாம் பெட்டி பெட்டியா எடுத்துட்டு வர்றாரு. ஒண்ணும் பண்ணாதுங்களா?”

நான் சிரித்தேன். “சும்மா பயப்படாதம்மா. வெளிய போயி கண்டதைக் குடிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவல. வீட்ல செஞ்சது, கெமிக்கலே கிடையாது.”

“நீங்க சொன்னாச் சரிங்கண்ணா” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

அவன் பெட்டி பெட்டியாக எடுத்துப் போனது எனக்குத் தெரியும். நான் காய்ச்சியதை ஒருவன் இவ்வளவு விரும்புகிறானே என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என் பீர் தீர்ந்த வாரங்களில் அவன் விஸ்கிக்குப் போனான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சியும் செய்யவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமார் கோயில் பார்க்கிங்கில் வைத்து என் மனைவிதான் கவனித்தாள். நல்ல வெயில். அவன் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தான். “ஏங்க, அவரு கண்ணப் பாருங்க” என்று மெதுவாகச் சொன்னாள். வெள்ளையே இல்லை. மஞ்சள் பூத்திருந்தது. இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள் இருந்தான். ஈரல் கெட்டுவிட்டது, ஆனால் முழுக்க இல்லை, இந்த நிமிடத்தோடு நிறுத்தினால் பிழைக்கலாம், மறுபடி தொட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் அவன் மனைவியை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஒரே பெண், மிடில் ஸ்கூலில் படிக்கிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க சொன்னீங்களேங்கண்ணா” என்றாள். குரலில் கோபமே இல்லை.

அவன் நிறுத்திவிட்டான். வாரத்தில் இரண்டு நாள் குடியை விட்டவர்கள் கூடுகிற ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய் வட்டமாக உட்கார்ந்து பேசிவிட்டு வந்தான். எடை குறைந்தது, கண் வெளுத்தது. ஆனால் விருந்துகளில் அவனுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. கராஜுக்கு வரக் கூடாது. அடுக்களையில் பெண்களோடு உட்கார அவனுக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். மாடியில் பிள்ளைகள் அவனைப் பார்த்து, “அங்கிள், ஆர் யூ லாஸ்ட்?” என்று கேட்டார்கள். ஒரு விருந்தில் அவன் துணி துவைக்கிற அறையில் மெஷின் மேல் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றதை நான் பார்த்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நாளில் அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவனுக்குச் சங்கடம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். சங்கடம் எங்களுக்குத்தான்.

எனக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் கை பரபரக்கும், மனசு குத்தும். ஏழு வருஷம் அவன் நின்ற இடம் காலியாக இருந்தது. அப்போதுதான் ஹாப்ஸ் தண்ணீர் என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. பார்லி கிடையாது, ஈஸ்ட் கிடையாது, அதனால் போதையும் கிடையாது. வெறும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, ஹாப்ஸை ஊறவைத்து, வடித்துக் குளிரவைத்து, சோடா மாதிரி காஸ் ஏற்றினால் தீர்ந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குதித்தேன். அவனுக்கு உடனே போன் செய்தேன்.

“மாப்ள, சனிக்கிழமை வாடா. குடிக்கிறதுக்கு இல்ல. வெறும் தண்ணி. ஹாப்ஸ் மட்டும்தான்.”

“வரேன் மச்சா” என்றான்.

முதல் தடவை செய்தது வாயில் வைக்க விளங்கவில்லை. பீரில் சிலந்தியின் வலை வழியாக நுண்ணிய பொடி கொஞ்சம் கசிந்தாலும் ஈஸ்ட் படியும்போது அதையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும். வெறும் தண்ணீர் எதையும் மறைக்காது. ஒரு துளிப் பொடி வெளியே வந்தாலும் தொண்டையைப் பிராண்டுகிறது. வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்த மாதிரி இருந்தது.

அவன் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டான். என்னுடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, இரண்டு மடிப்பாக வைத்து, நீளமான பை தைத்தான். அவன் மகளுடைய தையல் மெஷினில் அவனே தைத்தது. பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஹாப்ஸ், மீதி உப்புவதற்கு. மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு எவர்சில்வர் கரண்டி. தண்ணீர் கொதிக்கக் கூடாது, கை பொறுக்காத சூட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டும். பையை இறக்கிவிட்டு இருபது நிமிடம் கழித்துத் தூக்க வேண்டும், தூக்கும்போது பிழியக் கூடாது, தானாகச் சொட்ட வேண்டும். நாலாவது தடவை தண்ணீர் தெளிந்து நின்றது. லேசான பச்சை, ஆரஞ்சுத் தோல் உரித்த வாசனை, முடிவில் ஒரு சின்னக் கசப்பு. அவன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, “இது நல்லாருக்கு மச்சா” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் செய்ததற்கு ஏதோ பரிகாரம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் அவன் சனிக்கிழமை தவறாமல் வந்தான். நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். பார், அவனுக்கு என்று ஒன்று கண்டுபிடித்தேன் பார் என்று. இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும். நான் பீர் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. வாரநாள் சாயங்காலங்களில் காய்ச்சினேன். கராஜில் இருந்த ஃபிரிட்ஜில் இரண்டு எவர்சில்வர் பீப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கதவில் இரண்டு குழாய். இடது குழாயில் அவனுடைய தண்ணீர், வலது குழாயில் எங்கள் பீர். அவன் வருகிற நாளில் வலது குழாயைத் தொடக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன்.

போன மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவனோடு அவன் மனைவியும் வந்தாள். அடுக்களைப் பக்கம் போகவில்லை. நேராக டிரைவ்வே வழியாகக் கராஜுக்குள் வந்தாள். ஏழெட்டு வருஷத்தில் அவள் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அடுப்பின் மேல் அன்றைய தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தானும் வந்து பக்கத்தில் நின்றாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று நண்பனின் மனைவி ஆரம்பித்தாள். “இவரு இங்க வந்துட்டு வீட்டுக்கு வர்றப்ப வாசம் அடிக்குதுங்க. முன்ன அடிச்ச அதே வாசம். தண்ணிதான்றாரு, நீங்களும் தண்ணிதான்றீங்க. நான் நம்பறனுங்க. ஆனா சனிக்கிழம பூரா என்னால ஒரு வாய் சோறு திங்க முடியலீங்கண்ணா. எது தண்ணி, எது அதுன்னு எனக்குத் தெரியோணும். எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது. ரெண்டுலயும் ஒரு கிளாஸ் குடுங்க.”

“அக்கா, அதெல்லாம் எதுக்கு...” என்று அவன் என் மனைவியைப் பார்த்து உதவிக்கு ஏதோ சொல்ல வந்தான். என் மனைவி, “அவ கேக்கறா, குடுங்க” என்று என்னிடம் சொன்னாள்.

இரண்டு கிளாஸ் பிடித்தேன். கேட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள். “மாத்தி மாத்திக் காட்டுங்கண்ணா. வாசத்துல கண்டுபிடிக்க முடியுதான்னு பாக்கோணும்” என்றாள். இரண்டிலும் ஒரே ஹாப்ஸ். நான் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டது. முதலில் தண்ணீரை நீட்டினேன். மூக்கைக் கிட்டே கொண்டுவந்து, “இதுதான் பீர்” என்றாள். மறுபடி மாற்றினேன். “இது தண்ணிங்க” என்றாள். அது பீர். மூன்றாவது தடவையும் தப்பு. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அப்புறம் பீர் கிளாஸை வாங்கினாள். சின்னப் பிள்ளைகள் விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள். நாற்பத்திரண்டு வயதில் முதல் வாய். உடம்பு ஒரு தடவை குலுங்கியது. கிளாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இதுக்குங்களா அண்ணா?” என்றாள்.

தண்ணீர் கிளாஸை நீட்டினேன், அதையும் ஒரு வாய் குடித்தாள்.

“குடிச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியுது. ஆனா அவரு வயித்துக்குள்ள போனத நான் எடுத்துக் குடிச்சா பாக்க முடியும்? வாசம்தான் எனக்கு வரும். அதுல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.” கிளாஸை மேஜைமேல் வைத்தாள். “அப்ப நான் உங்க வார்த்தைய நம்பித்தான் ஆகோணும். இல்லீங்களா?”

ஒரு தடவை அவள் என் வார்த்தையை நம்பியவள். அதைத்தான் குத்திச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. வேறு வழி இல்லை என்பதைத்தான் சொன்னாள்.

அப்போது அவன் பேசினான். கராஜ் வாசலில் தெருவைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். பத்தடி தூரம் இருக்கும்.

“குழாயத் திற மச்சா” என்றான்.

“எதுக்குடா?”

“திற. எதன்னு சொல்லாத.”

இடது குழாயைத் திறந்தேன். “தண்ணி” என்றான். மூடிவிட்டு மறுபடி அதையே திறந்தேன். “தண்ணி.” வலது குழாயைத் திறந்தேன். ஒரு விரற்கடை அளவு கிளாஸில் விழுந்திருக்காது. “பீர்” என்றான். அவன் திரும்பவே இல்லை. காற்று தெருவிலிருந்து உள்ளேதான் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலு தடவை மாற்றி மாற்றித் திறந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் நான் குழாயைத் தொட்டதோடு நிறுத்திவிட்டேன், திறக்கவில்லை. “இப்ப எதுவும் இல்ல” என்றான்.

அவன் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்டா” என்றான் அவன். “நீ வியாழக்கிழம காச்சுனா சனிக்கிழம நான் உள்ள கால வைக்கறப்பவே தெரியும். எந்த ஹாப்ஸ்னு கூடச் சொல்வேன். நீ அந்தப் பைய அண்டால எறக்கறல்ல, அப்ப என் வாயெல்லாம் ஊறும். தண்ணியத்தான் குடிப்பேன். இங்கிருந்து வீடு ரெண்டு சிக்னல். நடுவுல ஒரு கடை இருக்கு. ஆறு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமயும் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு அந்தக் கடையத் தாண்டறேன். ஒரு நாள் உள்ள திருப்பிட்டேன். பார்க்கிங்ல அர மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பி வந்தேன்.”

நான் ஹாப்ஸை ஒரு துகள்கூட வெளியே வராமல் கட்டிவைத்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். வாசனையை எந்தத் துணியில் கட்டுவது? அதைப் பற்றி நான் ஒரு நாள், ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கோபம் வந்தது. என்மேல் வந்த கோபம் அவன்மேல் பாய்ந்தது.

“அப்பறம் என்ன மயித்துக்குடா வாராவாரம் வந்த?” என்று கத்தினேன். பெண்கள் நிற்கிறார்கள் என்பதுகூட மறந்துபோனது.

அவன் திரும்பினான். முகத்தில் கோபமில்லை, அவமானமும் இல்லை. நான் ஏதோ தெரியாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரி பார்த்தான்.

“நீ மட்டும்தானடா கூப்பிட்ட” என்றான்.

என் மனைவி போய் அடுப்பை அணைத்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அவன் மனைவிதான் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணா, அண்ணா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள், நான் நிமிரவில்லை.

அன்று சாயங்காலமே பீப்பாய் இரண்டையும் டிரைவ்வேயில் கவிழ்த்தேன். அண்டா, அடுப்பு, சிலந்தி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு, கேட்ட முதல் ஆளுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்தேன். கராஜைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். இதையெல்லாம் பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து திரும்பிய அன்றைக்கே செய்திருக்க வேண்டியது.

அடுத்த சனிக்கிழமை வந்தது. எட்டரை மணிக்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். அவனை எதற்கு என்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் நான் அவனைக் கூப்பிட்டதெல்லாம் ஏதாவது ஒன்றைக் குடிக்கத்தான். விருந்துக்கு வா, பீர் இறக்கிவிட்டேன் வா, தண்ணீர் தெளிந்துவிட்டது வா. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் கையில் ஒரு கிளாஸ் இல்லாமல் அவனைக் கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதனால்தான் தண்ணீரைக் கண்டுபிடித்தேன் போலிருக்கிறது. கால் மணி நேரம் அப்படியே நின்றேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “நம்பர் மறந்துருச்சா?” என்றாள்.

போன் செய்தேன்.

“வாடா” என்றேன்.

“எதுக்கு?”

“எதுக்கும் இல்ல. வா.”

என் மனைவி அடுத்த தோசையை ஊற்றினாள், கல் சுர்ரென்றது போனிலும் கேட்டிருக்கும்.

“தோசைக்கு என்ன சட்னி?” என்றான்.